மூன்றாவது பிறந்தநாளுக்கு முன்: கலிஃபோர்னியாவில் ஏர்லி ஸ்டார்ட் பெறுவது எப்படி

மகனுக்கு இரண்டு வயது முடிந்த வாரம் ஊரிலிருந்து மாமியார் வந்து இறங்கினார். பெட்டியைத் திறந்ததும் முதலில் வெளியே வந்தது வசம்பு. சுட்டு, தேனில் உரசி நாக்கில் தடவினால் பேச்சு வந்துவிடும் என்றார். அதில் ஒரு மாதம் போனது. அதற்கு முன்பே, "இவங்க அப்பாவும் மூணு வயசுலதான் வாயைத் திறந்தான்" என்ற ஆறுதலில் மூன்று மாதம் போயிருந்தது. குழந்தை மருத்துவர் ஒருவர், "ஆண் பிள்ளைகள் மெதுவாகத்தான் பேசுவார்கள், அடுத்த செக்கப்பில் பார்க்கலாம்" என்றதில் இன்னொரு மூன்று மாதம். 18 மாதத்தில் எனக்கு வந்த சந்தேகத்துக்கு நான் போனை எடுத்தது 25ஆம் மாதத்தில்.

வளர்ச்சியில் பின்தங்கும் சின்னக் குழந்தைகளுக்கு உதவ கலிஃபோர்னியா அரசு நடத்தும் ஏர்லி ஸ்டார்ட் திட்டம் 36 மாதத்தோடு முடிந்துவிடும். மூன்றாவது பிறந்தநாள் கேக் வெட்டும் அன்று கதவு சாத்தப்படும். எங்களுக்கு மிச்சம் இருந்தது 11 மாதம். அந்தப் பதினொன்றிலும் முதல் ஒன்றரை மாதம் காகிதத்துக்கே சரியாகப் போயிற்று. இந்த ஊருக்குப் புதிதாக வந்து, பேச்சு வராத, கூப்பிட்டால் திரும்பாத, அல்லது அடம் அளவு மீறிப் போன ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு தவிப்பவர்களுக்காக, நாங்கள் தட்டுத்தடுமாறிக் கற்ற வழியை எழுதுகிறேன்.

இது என்ன, யார் பணம்

1986-இல் அமெரிக்க நாடாளுமன்றம் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் கல்விச் சட்டத்தில் ஒரு பகுதியைச் சேர்த்தது. பிறந்த நாள் முதல் மூன்று வயதுவரை வளர்ச்சியில் பின்தங்கும் குழந்தைகளுக்கு மாநிலங்கள் உதவ வேண்டும் என்பது அதன் சாரம். இன்று அதைப் 'பார்ட் சி' என்பார்கள். பெயர் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்: டெக்சாஸில் ஈ.சி.ஐ., நியூ யார்க்கிலும் நியூ ஜெர்சியிலும் ஏர்லி இன்டர்வென்ஷன், கலிஃபோர்னியாவில் ஏர்லி ஸ்டார்ட்.

இங்கே பொறுப்பு டி.டி.எஸ். எனப்படும், வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கான மாநிலச் சேவைத் துறைக்கு. ஆனால் நீங்கள் படியேறப் போவது ரீஜனல் சென்டர் என்ற இடம். மாநிலம் முழுக்க 21 இருக்கின்றன. இவை அரசு அலுவலகங்கள் அல்ல. அரசுப் பணத்தில் இயங்கும் லாப நோக்கமற்ற அமைப்புகள். இந்த வித்தியாசம் தெரிந்திருப்பது நல்லது, ஏனென்றால் சட்டம் ஒன்றுதான் என்றாலும் ஒவ்வொரு சென்டரின் வேகமும் பழக்கமும் ஒவ்வொரு மாதிரி. சன்னிவேலில் இருக்கும் தோழிக்கு நடந்தது போலவே உங்களுக்கும் நடக்கும் என்று எண்ண வேண்டாம்.

நம்மவர்கள் போன் செய்யத் தயங்குவதற்கு மூன்று பயங்கள் காரணம். ஒன்று, சம்பளம்: "நாங்கள் இரண்டு பேரும் ஐ.டி., எங்களுக்குத் தருவார்களா?" ஏர்லி ஸ்டார்ட் தகுதிக்கு வருமான வரம்பு கிடையாது, குழந்தையின் வளர்ச்சியை மட்டும்தான் பார்க்கிறார்கள். இரண்டு, விசா: எச்-1பி, எச்-4 எதுவாக இருந்தாலும் கலிஃபோர்னியாவில் குடியிருந்தால் போதும். கிரீன் கார்டு விண்ணப்பத்தைப் பற்றி உள்ளூர ஒரு பயம் இருந்தால் உங்கள் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு முறை கேட்டுத் தெளிவாகிக்கொள்ளுங்கள். வாட்ஸாப் குழுவில் கேட்காதீர்கள். மூன்று, "பெயர் ரெக்கார்டில் ஏறிவிடும்". மதிப்பீட்டு அறிக்கைகள் ரகசியமானவை. உங்கள் கையெழுத்து இல்லாமல் அவை பள்ளிக்குப் போகாது.

1. போன்

நீங்களே கூப்பிடலாம். டாக்டர் சீட்டு தேவையில்லை. பலர் இங்கேதான் இடறுகிறார்கள்: கிளினிக்கிலிருந்து ரெஃபரல் போகட்டும் என்று காத்திருப்பார்கள், அந்த ஃபாக்ஸ் எங்கோ ஒரு தட்டில் கிடக்கும்.

எந்த சென்டர் என்பதை வீட்டு முகவரிதான் முடிவு செய்யும். சான் ஹோசே, சன்னிவேல், குபர்டினோ பக்கம் என்றால் சான் ஆண்ட்ரியாஸ். ஃப்ரீமான்ட், டப்ளின், சான் ரமோன் என்றால் ஈஸ்ட் பே. சான் ஃபிரான்சிஸ்கோ, சான் மட்டேயோ, மரின் என்றால் கோல்டன் கேட். லாஸ் ஏஞ்சலஸ் கவுன்ட்டிக்குள் மட்டும் ஏழு சென்டர்கள், அதனால் அங்கே பின்கோடு பார்த்துத்தான் சொல்ல முடியும். குழப்பமாக இருந்தால் டி.டி.எஸ். நடத்தும் பேபி லைன் எண் 800-515-2229. அங்கே கேட்டால் உங்கள் சென்டர் எது என்று சொல்லிவிடுவார்கள்.

போனில் என்ன சொல்வது என்பது முக்கியம். "கொஞ்சம் கவலையாக இருக்கிறது, என்ன செய்யலாம்?" என்று ஆரம்பித்தால் எதிர்முனையில் இருப்பவர் ஆறுதலோ இணைய முகவரியோ கொடுத்து வைத்துவிடலாம். "என் குழந்தைக்கு ஏர்லி ஸ்டார்ட் இவேலுவேஷன் வேண்டும்" என்று ஒரே வாக்கியமாகச் சொல்லுங்கள். அன்றைக்கே அதையே மின்னஞ்சலிலும் அனுப்புங்கள்: குழந்தையின் பெயர், பிறந்த தேதி, உங்கள் கவலைகள் நாலைந்து வரியில், வீட்டு மொழி தமிழ், மொழிபெயர்ப்பாளர் வேண்டும். போனில் பேசியதற்கு சாட்சி இல்லை, மின்னஞ்சலுக்கு இருக்கிறது.

அந்தத் தேதியிலிருந்து கணக்கு ஓடத் தொடங்கும். மதிப்பீடு, தகுதி முடிவு, முதல் திட்டக் கூட்டம் மூன்றும் 45 நாளுக்குள் முடிய வேண்டும் என்பது சட்டம். நான் சமையலறைக் காலண்டரில் 45ஆம் நாளைச் சிவப்பில் வட்டமிட்டு வைத்தேன். முப்பதாவது நாளில் எந்தச் செய்தியும் வராததால் மறுபடி எழுதினேன், சட்டத்தில் சொன்ன நாள் கணக்கைக் குறிப்பிட்டு. மறுநாளே போன் வந்தது. சண்டை எதுவும் போடவில்லை, தேதியைத்தான் நினைவூட்டினேன்.

குழந்தைக்கு ஏற்கெனவே மூன்று வயது நெருங்கிவிட்டதா? பிறந்தநாளுக்கு 45 நாளுக்கும் குறைவாக இருந்தால் ஏர்லி ஸ்டார்ட் மதிப்பீடு செய்ய வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. நேராக உங்கள் பள்ளி மாவட்டத்துக்கு எழுதுங்கள். கடைசிப் பகுதியைப் படியுங்கள். அதேபோல் காது, கண், எலும்பு ஆகியவற்றில் மட்டும் சிக்கல் என்றால் அந்தக் குழந்தைகளைப் பள்ளி மாவட்டம்தான் பார்க்கிறது, மூன்று வயதுக்கு முன்பேகூட.

காத்திருக்கும் நாளில் செய்ய இரண்டு வேலைகள். குழந்தை மருத்துவரிடம் முறையான செவித்திறன் பரிசோதனைக்கு எழுதி வாங்குங்கள். பிறந்தபோது ஆஸ்பத்திரியில் செய்ததை வைத்து "காது நன்றாகத்தான் கேட்கிறது" என்று விடக் கூடாது. காதுக்குள் நீர் கோத்து நின்றால் பேச்சு தாமதமாகலாம். பேச்சு வராத குழந்தைக்கு எங்கே போனாலும் முதலில் கேட்கும் அறிக்கை இதுதான். இரண்டாவது, எம்-சாட் என்ற 20 கேள்வித் தாள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 18, 24 மாதச் செக்கப்புகளில் எல்லாக் குழந்தைகளையும் ஆட்டிசத்துக்காகச் சோதித்துப் பார்க்கச் சொல்கிறது. அதற்குப் பரவலாகப் பயன்படுவது இந்தத் தாள். உங்கள் டாக்டர் கொடுக்கவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். அது ஒரு சல்லடைதான். அதில் மாட்டினால் ஆட்டிசம் என்றும் அர்த்தமில்லை, நழுவினால் இல்லை என்றும் அர்த்தமில்லை.

சென்னையிலோ கோவையிலோ ஏற்கெனவே பார்த்திருந்தால் அந்தக் காகிதங்களையும் தடுப்பூசி அட்டையையும், பிரசவத்தின்போது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியையும் எடுத்து வையுங்கள். இங்கே மறுபடி மதிப்பீடு செய்வார்கள்தான், ஆனாலும் பிறந்த வாரமும் எடையும் தகுதியையே தீர்மானிக்கலாம். 32 வாரத்துக்கு முன் பிறந்ததும் 1500 கிராமுக்குக் குறைவான எடையும் 'அதிக ஆபத்து' பட்டியலில் வருபவை.

2. பையோடு வருபவர்

மதிப்பீட்டுக்கு வருபவர் ஒரு பெரிய துணிப்பையோடு வருவார். மரக்கட்டைகள், துணிப் புத்தகம், பொம்மை, சோப்புக் குமிழி டப்பா. எங்கள் வீட்டில் அந்தப் பெண்மணி குமிழிகளை இரண்டு தடவை ஊதிவிட்டு, மூடியை இறுக்கி மகன் முன்னால் வைத்தார். பிறகு சும்மா உட்கார்ந்திருந்தார். மகன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவருடைய கையை, ஏதோ கரண்டியை எடுப்பது போல எடுத்து, மூடி மேல் வைத்தான். அவர் தாளில் என்னவோ குறித்தார். பதினைந்து விநாடிகூட இருக்காது. மகன் கையைப் பிடித்து இழுத்துப் போய் வேண்டியதைக் காட்டுவதை நாங்கள் "சமத்து" என்று கொண்டாடிக்கொண்டிருந்தோம். பார்வை, சுட்டு விரல், சத்தம் எதுவும் சேராமல் கையை மட்டும் கருவியாக எடுப்பதை அவர்கள் வேறு விதமாகப் படிக்கிறார்கள்.

நம் வீடுகளுக்கென்றே சில சிக்கல்கள் உண்டு. "ஸ்பூனால் தானே சாப்பிடுகிறானா?" என்பது கேள்வி. நாம் நாலு வயது வரை நிலாவைக் காட்டி ஊட்டுகிறவர்கள். "இல்லை" என்று சொன்னால் அது திறமைக் குறைவாகப் பதிவாகும். வெட்கப்பட்டு "ஆமாம்" என்றால் பொய்யாகும். "வாய்ப்பே கொடுத்ததில்லை, நாங்கள்தான் ஊட்டுகிறோம்" என்று உள்ளதைச் சொல்லுங்கள். அதே போல வார்த்தைக் கணக்கு. மம்மம், ஆச்சா, தாச்சி, டாட்டா, தண்ணிக்கு 'ண்ணி' என எல்லாம் வார்த்தைகள்தான். ஆங்கிலக் காதுக்கு அவை வெறும் சத்தம். முந்தின வாரமே ஒரு தாளில் எழுதி, என்ன பொருளில் சொல்கிறான் என்று பக்கத்தில் குறித்துக் கையில் கொடுத்துவிடுங்கள்.

குழந்தையை அதன் தாய்மொழியில் மதிப்பிட வேண்டும், பெற்றோருக்கு மொழிபெயர்ப்பாளர் இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். உங்களுக்கு ஆங்கிலம் சரளமாக வந்தாலும் கேளுங்கள். கேட்கும்போது 'தமிழ்' என்று எழுத்துக் கூட்டிச் சொல்லுங்கள். எங்களுக்கு முதல் முறை வீடியோவில் வந்தவர் இந்தி மொழிபெயர்ப்பாளர். இந்தியக் குடும்பம் என்றால் இந்தி என்று யாரோ பதிந்திருக்கிறார்கள். அவர் பாவம் நமஸ்தே சொல்லிவிட்டு முழித்தார்.

இன்னொன்று. வந்தவர் முன்னால் பிள்ளையை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று நமக்கு ஒரு எண்ணம். "ஏ பி சி டி முழுசா சொல்லுவான், கார் லோகோ எல்லாம் தெரியும்" என்று பெருமை பேசுவோம். அது இருக்கட்டும், சொல்லுங்கள். ஆனால் கடையில் தரையில் விழுந்து நாற்பது நிமிடம் அழுததையும், ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து விடியும் வரை தூங்காததையும், தலையைச் சுவரில் மோதுவதையும் சேர்த்துச் சொல்லுங்கள். போனில் எடுத்த இரண்டு மூன்று வீடியோக்கள் இருந்தால் இன்னும் நல்லது. புது ஆள் வந்தால் குழந்தை அன்றைக்கென்று அமைதியாக இருப்பான். அது எப்போதும் நடப்பதுதான்.

3. தகுதி

ஐந்து துறைகளைப் பார்க்கிறார்கள்: அறிவு வளர்ச்சி, உடலியக்கம், பேச்சும் புரிதலும், பிறரோடு பழகும் விதமும் உணர்ச்சியும், தன் வேலையைத் தானே செய்வது. ஏதாவது ஒன்றில் 25 சதவீதம் பின்தங்கியிருந்தால் தகுதி உண்டு. 24 மாதக் குழந்தை 18 மாதக் குழந்தையைப் போலச் செய்தால் அது 25 சதவீதம். 2022-க்கு முன் இது 33 சதவீதமாக இருந்தது, அதாவது அதே குழந்தை 16 மாத நிலையில் இருந்தால்தான் சேர்ப்பார்கள். "போன தடவை என் பெரியவனுக்குக் கிடைக்கவில்லை" என்று சொல்லும் பழைய குடும்பங்களின் அனுபவத்தை இதனால்தான் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. டவுன் சிண்ட்ரோம் போல முன்பே உறுதியான நிலைகளுக்குத் தாமதத்தை அளந்து நிரூபிக்க வேண்டிய அவசியமே இல்லை.

கவனியுங்கள், இங்கே எங்கும் 'ஆட்டிசம்' என்ற சொல் வரவில்லை. ஏர்லி ஸ்டார்ட்டுக்குள் நுழைய நோயறிதல் வேண்டாம், தாமதம் போதும். ஆட்டிசமா என்று பார்த்துச் சொல்லும் டெவலப்மென்டல் பீடியாட்ரிஷியனுக்கு மாதக்கணக்கில் வரிசை இருக்கும். அந்த வரிசையிலும் நில்லுங்கள், இந்தக் கதவையும் தட்டுங்கள். ஒன்று முடிந்து மற்றொன்று என்று வைத்தால் 36 மாதம் ஓடிவிடும்.

4. ஐ.எஃப்.எஸ்.பி. கூட்டம்

தகுதி கிடைத்தால் ஒரு சர்வீஸ் கோஆர்டினேட்டர் வருவார். அவரோடு உட்கார்ந்து எழுதுவது ஐ.எஃப்.எஸ்.பி., அதாவது உங்கள் குடும்பத்துக்கான சேவைத் திட்டம். என்ன தெரபி, வாரம் எத்தனை தடவை, ஒவ்வொரு முறையும் எத்தனை நிமிடம், எங்கே, யார், எந்தத் தேதி தொடக்கம் என்பது அதில் எழுத்தில் இருக்க வேண்டும். எழுத்தில் இல்லாதது இல்லை. "பார்த்துக்கலாம்மா" என்று கோஆர்டினேட்டர் எவ்வளவு அன்பாகச் சொன்னாலும் தாளைக் காட்டுங்கள்.

இலக்குகளை உங்கள் வீட்டு வார்த்தையில் வையுங்கள். 'தொடர்புத் திறன் மேம்படும்' என்று எழுதினால் ஆறு மாதம் கழித்து மேம்பட்டதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. 'பசித்தால் அழாமல் கையைக் காட்டியோ மம்மம் என்றோ கேட்பான், ஒரு நாளில் ஐந்து தடவையாவது' என்றால் மாமியாராலும் எண்ண முடியும். திட்டத்தை ஆறு மாதத்துக்கு ஒரு முறை திருப்பிப் பார்ப்பார்கள்; நடுவிலும் நீங்கள் கூட்டம் கேட்கலாம். எல்லாவற்றுக்கும் மொத்தமாகக் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. ஸ்பீச் தெரபி வேண்டும், இன்னொன்று வேண்டாம் என்றால் அதை மட்டும் மறுக்கலாம், மற்றவை நிற்காது.

சேவைகள் குழந்தையின் இயல்பான சூழலில் நடக்க வேண்டும் என்கிறது சட்டம். பெரும்பாலும் வீடு, சில சமயம் டே கேர், பார்க். இரண்டு படுக்கையறை அபார்ட்மென்டில் தாத்தா பாட்டியோடு இருக்கும்போது இது சங்கடம்தான். செருப்பை வாசலில் விடச் சொல்லுங்கள், டிவியை அணையுங்கள், போதும். வீட்டைத் துடைத்து அலங்கரித்து ரவா லட்டு செய்து வைக்கத் தேவையில்லை. நான் முதல் மாதம் செய்தேன்.

யாராவது ஒருவர், "வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள், இரண்டு மொழி குழப்பும்" என்று சொல்வார். எனக்கு மூன்று பேர் சொன்னார்கள். இருமொழிச் சூழல் ஆட்டிசக் குழந்தையின் பேச்சைப் பின்னுக்கு இழுக்கிறது என்று ஆய்வுகள் காட்டவில்லை. பாட்டியோடு பேச முடியாத குழந்தைக்கு வீட்டில் பேச ஓர் ஆள் குறைவு, அவ்வளவுதான். தமிழை நிறுத்தாதீர்கள், தெரபிஸ்டுக்கு 'வா', 'தா', 'போதும்', 'இன்னும்' சொல்லிக் கொடுங்கள். எங்கள் வீட்டுக்கு வந்த மெக்ஸிகோ வம்சாவளிப் பெண் ஒரே வாரத்தில் 'போதும்' சொல்லக் கற்றுக்கொண்டாள்.

5. பிஹேவியர் தெரபி, அதாவது ஏ.பி.ஏ.

எல்லோரும் கேட்டு வருவது இதைத்தான், எல்லோரும் மாட்டிக்கொள்வதும் இங்கேதான்.

முதலில் பணம். ஏர்லி ஸ்டார்ட் 'கடைசியாகப் பணம் கட்டுபவர்'. உங்கள் இன்சூரன்ஸ் கட்ட வேண்டியதை அது கட்டியபிறகுதான், அல்லது எழுத்தில் மறுத்தபிறகுதான், ரீஜனல் சென்டர் கையை நீட்டும். 2012 ஜூலை முதல் கலிஃபோர்னியாச் சட்டம், மாநிலக் கட்டுப்பாட்டில் உள்ள தனியார் இன்சூரன்ஸ்கள் ஆட்டிசத்துக்கான நடத்தைச் சிகிச்சைக்குப் பணம் தர வேண்டும் என்கிறது. மெடி-கால் என்ற, வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீடு உள்ளவர்களில் 2014 செப்டம்பர் முதல் 21 வயதுக்குட்பட்டோருக்கு இது உண்டு. ஒரு பொறி இருக்கிறது: பெரிய ஐ.டி. நிறுவனங்கள் பலவும் தங்கள் சொந்தப் பணத்தில் நடத்தும் இன்சூரன்ஸ் திட்டங்கள் கூட்டாட்சிச் சட்டத்துக்குள் வருபவை, மாநிலச் சட்டம் அவற்றைக் கட்டாது. பெரும்பாலானவை ஏ.பி.ஏ. தருகின்றன, ஆனாலும் எச்.ஆரிடம் "நம் திட்டம் செல்ஃப் ஃபண்டடா, அதில் ஏ.பி.ஏ. உண்டா?" என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

தனியார் இன்சூரன்ஸ் பொதுவாக ஆட்டிச நோயறிதல் அறிக்கையைக் கேட்கும். அதனால்தான் அந்த இன்னொரு வரிசையில் நிற்கச் சொன்னேன். சில குழந்தைகளிடம் 18 மாதத்திலேயே தெரிந்துவிடும்; இரண்டு வயதில் அனுபவமுள்ளவர்கள் நம்பகமாகச் சொல்ல முடியும். "மூன்று வயதுக்கு முன் சொல்லவே முடியாது" என்று யாராவது திருப்பி அனுப்பினால் வேறு ஆளைத் தேடுங்கள். அறிக்கை வரும்வரை ரீஜனல் சென்டரிடம் பெற்றோர் பயிற்சி, ஸ்பீச், குழந்தை வளர்ச்சி நிபுணர் வருகை என்று கிடைப்பதை விடாமல் வாங்குங்கள். இன்சூரன்ஸ் நிராகரித்தால் அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடாதீர்கள். ரீஜனல் சென்டரிடம் காட்ட வேண்டிய சாவியே அதுதான்.

அடுத்து, உள்ளே என்ன நடக்கிறது. திட்டம் போடுபவர் பி.சி.பி.ஏ. என்ற சான்றிதழ் பெற்றவர், முதுகலை படித்தவர். தினமும் வீட்டுக்கு வருபவர் பெரும்பாலும் ஆர்.பி.டி.; அவருக்கு 40 மணி நேரப் பயிற்சியும் ஒரு தேர்வும்தான். வருபவர் கெட்டிக்காரரா என்பதைவிட, மேலே இருப்பவர் எத்தனை நாளுக்கு ஒரு தடவை வந்து பார்க்கிறார் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

'வாரம் 40 மணி நேரம்' என்று ஒரு கதை நம் ஆட்களிடையே சுற்றுகிறது. இதன் வேர் லாஸ் ஏஞ்சலஸில், யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் லோவாஸ் 1987-இல் வெளியிட்ட ஆய்வு. மேஜை முன் உட்கார வைத்து, சொன்னதைச் செய், பரிசு வாங்கு என்ற அந்தப் பழைய பாணி இன்று இரண்டு வயதுக் குழந்தைக்கு ஒரே வழி அல்ல. மதியத் தூக்கம் தேவைப்படும் வயது இது. விளையாட்டோடு சேர்த்துச் செய்யும் முறைகள் இதே கலிஃபோர்னியாவில்தான் நிறைய வளர்ந்தன: சான்டா பார்பராவில் கேகல் தம்பதியின் பி.ஆர்.டி., யு.சி.எல்.ஏ.வில் கனி கஸாரியின் ஜாஸ்பர், சாக்ரமென்டோவில் யு.சி. டேவிஸின் சாலி ராஜர்ஸ், ஜெரால்டின் டாசனோடு சேர்ந்து உருவாக்கிய ஏர்லி ஸ்டார்ட் டென்வர் மாடல். பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அரசுத் திட்டமான ஏர்லி ஸ்டார்ட் வேறு, டென்வர் மாடல் ஒரு சிகிச்சை முறை. இப்படி விளையாட்டோடு சேர்ந்த முறைகளுக்குப் பொதுப் பெயர் என்.டி.பி.ஐ. தெரபி கம்பெனியிடம் பேசும்போது "நீங்கள் என்.டி.பி.ஐ. வகை முறைகளில் பயிற்சி பெற்றவர்களா?" என்று கேட்டால் விஷயம் தெரிந்தவர் என்று எடுத்துக்கொள்வார்கள்.

ஆட்டிசத்தோடு வளர்ந்த பெரியவர்கள் பலர் ஏ.பி.ஏ.வைக் கடுமையாக விமர்சிக்கிறார்கள், அதைக் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. குழந்தையின் முகத்தைப் பிடித்துத் திருப்பிக் கண்ணைப் பார்க்க வைப்பது, கையை ஆட்டுவதையே 'நிறுத்த வேண்டிய நடத்தை' என்று பட்டியலிடுவது, அழுதாலும் பாடம் முடியும்வரை எழுந்திருக்க விடாமல் வைப்பது, நீங்கள் அறையில் இருக்க வேண்டாம் என்பது - இவற்றில் ஒன்று கண்டாலும் நான் அந்தக் கம்பெனியை மாற்றிவிடுவேன். நாங்கள் ஒரு தடவை மாற்றினோம். ஆறு வாரத்தில் நான்கு புது ஆட்களை அனுப்பினார்கள். மகன் காலிங் பெல் சத்தம் கேட்டாலே சோபாவுக்குப் பின்னால் போய் ஒளிந்தான்.

சரியாக நடந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு முறுக்கு டப்பாவைச் சொல்கிறேன். இரண்டாவது கம்பெனியின் பி.சி.பி.ஏ. வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இவனுக்கு மிகவும் பிடித்தது எது?" என்றார். முறுக்கு. அது எங்கே இருக்கிறது? அவன் கைக்கெட்டும் தட்டில், திறந்த டப்பாவில். "இவனுக்கு உங்களிடம் எதையும் கேட்கும் அவசியமே இல்லையே," என்றார். அன்றைக்கே முறுக்கு ஒரு கண்ணாடி டப்பாவுக்குப் போனது, இறுக்கமான மூடியோடு. தெரியும், எடுக்க முடியாது. அவன் டப்பாவைக் கொண்டு வந்து என் கையில் திணிப்பான். நான் உடனே திறக்கக் கூடாது. அவன் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, மனத்துக்குள் ஐந்து எண்ண வேண்டும். அந்த ஐந்து விநாடி எவ்வளவு நீளம் என்பது செய்து பார்த்தால்தான் தெரியும். பார்வை வந்தால் 'தா' என்று நான் சொல்லி, ஒரு சின்னத் துண்டு. முழு முறுக்கு கொடுத்தால் ஒரே தடவையில் ஆட்டம் முடிந்துவிடும்; எட்டுத் துண்டாக உடைத்தால் எட்டு வாய்ப்பு. ஒன்பதாவது நாள் மாலை 'த்தா' என்றான். மாமியார் சாமி விளக்கேற்றிவிட்டு வந்து இன்னொரு முறுக்கு உடைத்தார்.

நடத்தைக்கு முன் என்ன நடந்தது, பின் என்ன கிடைத்தது என்று பார்ப்பதுதான் இந்தச் சிகிச்சையின் உள்ளே இருக்கும் இயந்திரம். அழுதான், பாட்டி போனைக் கொடுத்தார், அழுகை நின்றது. அடுத்த தடவை அழுவது ஏன் என்று புரிகிறதா? இதைப் பாட்டிக்குப் புரியவைக்க மூன்று வாரம் ஆனது; குழந்தைக்கு அவ்வளவு ஆகவில்லை. ஆகவே பெற்றோர் பயிற்சி மணி நேரங்களைத் 'தேவையில்லை' என்று விட்டுக்கொடுத்துவிடாதீர்கள். வீட்டில் யார் குழந்தையோடு அதிக நேரம் இருக்கிறார்களோ அவரையும் அதில் உட்கார வையுங்கள்.

6. இழுத்தடித்தால்

ஆள் இல்லை, வரிசை இருக்கிறது, அடுத்த மாதம் பாருங்கள். இதைக் கட்டாயம் கேட்பீர்கள். திட்டத்தில் எழுதியிருக்கும் சேவைக்கு ஆள் தேடுவது ரீஜனல் சென்டரின் வேலை, உங்களுடையதல்ல. கோஆர்டினேட்டர் பதில் தராவிட்டால் அவருடைய மேலாளருக்கு எழுதுங்கள். மறுப்பு எதுவாக இருந்தாலும் காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் தர வேண்டும் என்பது விதி. அதற்கும் மேலே டி.டி.எஸ்.ஸுக்குப் புகார், சமரசப் பேச்சு, முறையான விசாரணை என்று மூன்று வழிகள் உண்டு. டிஸபிலிட்டி ரைட்ஸ் கலிஃபோர்னியா அமைப்பின் கீழ் ஓ.சி.ஆர்.ஏ. என்ற பிரிவு ரீஜனல் சென்டர் குடும்பங்களுக்கு இலவசமாகச் சட்ட ஆலோசனை தருகிறது. பெரும்பாலும் அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது.

அதற்கு முன் ஃபேமிலி ரிசோர்ஸ் சென்டர்களைக் கூப்பிடுங்கள். சான் ஹோசேயில் பேரன்ட்ஸ் ஹெல்பிங் பேரன்ட்ஸ், சான் ஃபிரான்சிஸ்கோவில் சப்போர்ட் ஃபார் ஃபேமிலீஸ். போனை எடுப்பவர்கள் பலரும் இதே பாதையில் நடந்த பெற்றோர். தெற்காசியக் குடும்பங்களுக்கென்று சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் ஜீனா என்ற அமைப்பு இருக்கிறது. உறவுக்காரர்களிடம் என்ன சொல்வது என்பதில் தொடங்கி அங்கே பேசலாம்.

7. இரண்டரை வயதில்

குழந்தைக்கு 2 வயது 6 மாதம் ஆனதும் கோஆர்டினேட்டரிடம் 'டிரான்ஸிஷன்' என்ற சொல்லை நீங்களே எடுங்கள். மூன்றாவது பிறந்தநாளுக்குக் குறைந்தது 90 நாள் முன்பாகப் பள்ளி மாவட்டத்தோடு ஒரு கூட்டம் நடக்க வேண்டும். பிறகு பள்ளி மாவட்டம் தன் மதிப்பீட்டைச் செய்து, பிறந்தநாள் அன்றே ஐ.இ.பி. என்ற, பள்ளிக்கான புதிய திட்டம் தயாராக இருக்க வேண்டும். கோடையில் பிறந்த குழந்தைகளுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். ஜூன், ஜூலையில் பள்ளி அலுவலகங்களில் ஆளே இருக்காது. மார்ச் மாதத்திலேயே மதிப்பீட்டை முடிக்கச் சொல்லி எழுதுங்கள்.

இந்த மாற்றத்தில் குணமே மாறிவிடும். ஏர்லி ஸ்டார்ட் குடும்பத்தைப் பார்த்தது, வீட்டுக்கு வந்தது. பள்ளி மாவட்டம் கல்விக்குத் தேவையானதை மட்டும் பார்க்கும், குழந்தை அங்கே போக வேண்டும். வீட்டில் நடக்கும் ஏ.பி.ஏ. இன்சூரன்ஸ் மூலம் ஓடிக்கொண்டிருந்தால் அது பிறந்தநாளோடு நிற்காது, பயப்பட வேண்டாம்.

ரீஜனல் சென்டரோடு உறவு அறுந்துவிடுகிறதா என்றால், இல்லை. மூன்று வயதுக்குப் பிறகு 1969-இல் வந்த லான்டர்மன் சட்டம் பொறுப்பேற்கும். ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, பெருமூளை வாதம், வலிப்பு, இவற்றை ஒத்த நிலை - இவற்றால் வாழ்க்கையில் கணிசமான தடை உள்ளவர்களுக்கு ஆயுள் முழுக்க உதவி உண்டு. நோயறிதல் தெளிவாகாத குழந்தைக்கு, தன்னைப் பார்த்துக்கொள்வது, பேச்சு, கற்றல், நடமாட்டம், தன்னைத் தானே நடத்திக்கொள்வது ஆகிய ஐந்தில் இரண்டில் பெரிய தடை இருந்தால் ஐந்து வயதுவரை தற்காலிகத் தகுதி தரலாம். இதைக் கோஆர்டினேட்டர் தாமாகச் சொல்லாமல் விடுவதும் உண்டு. "ப்ரொவிஷனல் எலிஜிபிலிட்டி பார்த்தீர்களா?" என்று கேளுங்கள்.

நடுவில் வேறு கவுன்ட்டிக்கு வீடு மாறினால் சென்டரும் மாறலாம்; கோப்பு போகும், ஆனால் புது கோஆர்டினேட்டர் படிக்க நேரமாகும். மாநிலமே மாறினால் எல்லாம் முதலிலிருந்து. அதனால் ஒவ்வொரு அறிக்கையும் வந்த அன்றே ஒரு பிரதியை எடுத்து, தேதி எழுதி, ஒரு ஃபைலில் போடுங்கள். எங்கள் ஃபைல் பழைய பட்டுச்சேலைப் பெட்டி ஒன்றில் இருக்கிறது. டல்லாஸுக்கு மாறிய ஒரு தோழி அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டுப் போய்த் தானும் ஒன்று வாங்கினாள்.